கதவுக்கு வெளியே நின்ற கேமரா



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு படம். 1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. வில்லியம் வெல்மேன் இயக்கம். ஜேம்ஸ் காக்னி என்ற நடிகரை உலகம் அறியச் செய்த படம். பெயர் 'தி பப்ளிக் எனிமி'. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத கறுப்பு வெள்ளைப் படம். அதற்குப் பிறகு எத்தனையோ தாதாக்கள் திரைக்கு வந்தார்கள், எத்தனையோ துப்பாக்கிகள் வெடித்தன. ஆனால் துப்பாக்கி வெடிக்கும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்ற கேள்வியை இந்தப் படம் கேட்டதுபோல் கேட்ட படங்கள் மிகச் சில.

நான் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொலைகாரனைப் பற்றிய படம். ஆனால் அவன் செய்யும் முக்கியமான கொலைகளை நாம் பார்ப்பதே இல்லை. காதால் கேட்கிறோம். அவன் உள்ளே போகிறான். கேமரா கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? அந்தக் கதவுக்கு வெளியே கேமராவோடு சேர்ந்து நிற்பது யார்? இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவருவோம்.

1920 ஜனவரி 17. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம். மதுவைத் தயாரித்தால் குற்றம். விற்றால் குற்றம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஏற்றிச்சென்றால் குற்றம். சரி, குடித்தால்? குடிப்பதைச் சட்டம் தொடவில்லை! இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். பீப்பாயை உருட்டி வருகிறவன் குற்றவாளி. அந்தப் பீப்பாயிலிருந்து கோப்பையை நிரப்பிக்கொள்கிறவர் கண்ணியமான மனிதர். இந்த ஏற்பாடு 1933 டிசம்பர் வரை, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் சிகாகோ நகரம் என்ன ஆயிற்று? பீர் விற்கும் உரிமைக்காகத் தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. 1929 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, ஒரு கார் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போயிற்று, வங்கியில் போட்ட பணம் போயிற்று, நம்பிக்கை போயிற்று. 1930இல் சிகாகோவின் குற்றத் தடுப்பு ஆணையம் மக்களின் பகைவர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. முதல் பெயர் அல் கபோன். படத்தின் தலைப்பு அந்தப் பட்டியலின் சூட்டிலிருந்து பிறந்தது.

திரையுலகமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' மூலம் படத்தைப் பேசவைத்த அதே வார்னர் நிறுவனம், 1931 ஜனவரியில் எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த 'லிட்டில் சீசர்' படத்தை வெளியிட்டது. அடுத்து நம்முடைய படம். மறு ஆண்டு ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஸ்கார்ஃபேஸ்'. தாதா படம் என்று இன்று நாம் சொல்லும் வகைக்கு அடித்தளம் இட்டவை இந்த மூன்று படங்களும்தான்.

மற்ற இரண்டையும் விட்டு நான் ஏன் இதை எடுத்தேன்? சொல்கிறேன். 'லிட்டில் சீசர்' ஒரு மனிதன் மேலே ஏறி விழுவதைச் சொல்கிறது. 'ஸ்கார்ஃபேஸ்' ஒரு மனிதனின் வெறியைச் சொல்கிறது. 'தி பப்ளிக் எனிமி' மட்டும்தான் ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறது. ஒரு தெருவிலிருந்து தொடங்குகிறது. ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது.

இந்தக் கதையை எழுதியவர்கள் ஜான் பிரைட், குபெக் கிளாஸ்மன் என்ற இருவர். இருவரும் சிகாகோவில் வாழ்ந்தவர்கள். கிளாஸ்மன் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். அந்த நகரத்தின் ரவுடிகளை அருகிலிருந்து பார்த்தவர்கள். 'பீரும் ரத்தமும்' என்று பொருள்படும் பெயரில் அவர்கள் எழுதிய நாவல் அச்சேறவில்லை, ஆனால் திரைக்கதையாயிற்று. இயக்குநர் வெல்மேன் யார்? முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து போர் விமானம் ஓட்டியவர். சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கர் விருதைப் பெற்ற 'விங்ஸ்' படத்தை எடுத்தவர். மரணத்தைப் பக்கத்தில் பார்த்த மனிதர். பக்கத்தில் பார்த்தவர் என்பதால்தானோ என்னவோ, அதைக் கண்காட்சியாக்க அவருக்கு மனம் வரவில்லை.

படத்துக்குள் போவோம்.

1909. சிகாகோ. நெரிசலான தெருக்கள். ஒரு மனிதன் நீளமான கழியில் வரிசையாக பீர் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்து போகிறான். மதுக்கடையின் பக்கத்துக் கதவிலிருந்து இரண்டு சிறுவர்கள் வாளியோடு வருகிறார்கள். ஒருவன் டாம் பவர்ஸ், இன்னொருவன் மேட் டாயில். நடக்கும்போதே வாளியைத் தூக்கி ஒரு வாய் குடித்துக்கொள்கிறார்கள். அங்கே யாராவது அவர்களைத் தடுக்கிறார்களா? யாராவது திரும்பியாவது பார்க்கிறார்களா? இல்லை. நண்பர்களே, கதை தொடங்கிய சில நிமிடங்களுக்குள் வெல்மேன் நமக்கு ஓர் ஊரையே காட்டிவிடுகிறார். அந்த ஊரில் பீர் தண்ணீரைப் போல ஓடுகிறது, குழந்தைகளின் தொண்டை வழியாகவும் ஓடுகிறது.

டாமின் அப்பா போலீஸ்காரர். பையன் எங்கோ திருடிய உருளைச் சறுக்குக் காலணிகளை மேட்டின் தங்கைக்குப் பரிசாகத் தருகிறான். அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் என்ன செய்கிறார்? ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. தோல் வாரை எடுக்கிறார். அடிக்கிறார். கால்சட்டையோடு அடிக்கப் போகிறீர்களா, கழற்றிவிட்டா என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பையனுக்கு அடி பழகிவிட்டது. அழவில்லை. அந்த முகத்தைக் கவனியுங்கள். சட்டம் என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சட்டம் என்றால் அடி. அவ்வளவுதான்.

அடிக்க அப்பா இருக்கிறார். அணைக்க யார் இருக்கிறார்? தெருமுனையில் ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே புட்டி நோஸ் என்று ஒருவன் பியானோ வாசிக்கிறான், பச்சையான பாட்டுப் பாடுகிறான், பையன்கள் திருடிக்கொண்டு வரும் கடிகாரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறான். பையன்கள் வளர்ந்ததும் துப்பாக்கியையும் அவன்தான் கையில் கொடுக்கிறான். ஒரு விலங்கு உரோம உடைக் கிடங்கில் திருடப் போகிறார்கள். இருட்டில் பஞ்சடைத்த கரடித் தலையைப் பார்த்து டாம் பயந்து சுட்டுவிடுகிறான். சத்தம் கேட்டுப் போலீஸ் வருகிறது. கூட வந்தவன் ஒருவன் சாகிறான், ஒரு போலீஸ்காரரும் சாகிறார். புட்டி நோஸைத் தேடி ஓடுகிறார்கள். அவன் ஊரைவிட்டே போய்விட்டான். ஆளாக்குகிறேன் என்றவன் கைகழுவிவிட்டான்.

அண்ணன் மைக் நல்லவன். பகலில் டிராம் வண்டியில் வேலை, இரவில் பள்ளிக்கூடம். அண்ணன் படிப்பதைப் பற்றி டாம் ஒரு வார்த்தை சொல்கிறான்: ஏழையாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறான் என்கிறான். எவ்வளவு கசப்பான வார்த்தை! 1931இல் அரங்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக வேலை பார்த்து, ஒழுங்காகச் சேமித்து, எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் இழந்தவர்கள். அவர்களுக்கு அந்த வார்த்தை எப்படிச் சுட்டிருக்கும்!

பிறகு வருகிறது 1920. மதுவிலக்கு அமலாவதற்கு முந்தைய இரவு. ஊரே மதுக்கடை வாசலில் நிற்கிறது. பாட்டில்களை அள்ளுகிறார்கள். கார்களில் அடுக்குகிறார்கள். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை படுக்க வேண்டிய தள்ளுவண்டியில் பாட்டில்கள் படுத்திருக்கின்றன. நான் கேட்கிறேன்: இந்தக் காட்சியில் ரவுடி யார்? ஒருவருமில்லை! எல்லோரும் நல்ல குடும்பத்தினர். நல்ல கோட்டு, நல்ல தொப்பி, நல்ல வேலை. நாளைக் காலையிலிருந்து இவர்களுக்கு பீர் கொண்டுவந்து தர ஒருவன் வேண்டும். அந்த ஒருவன்தான் டாம் பவர்ஸ்.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். பீர் ஆலையின் உரிமையாளர் ஒருவர் வருகிறார். வயதானவர், கௌரவமானவர். மூடிய ஆலையை மறுபடி ஓட்ட வேண்டும் என்கிறார். ஆனால் தன் பெயர் வெளியே வரக்கூடாது. மக்களுக்கு நல்ல பீர் கிடைக்க வேண்டுமே என்ற பொதுநலப் பேச்சு வேறு. நெயில்ஸ் நேதன் என்ற தாதா அந்த வேடத்தை முகத்துக்கு நேரே உடைத்துப் பேசுகிறான். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் துப்பாக்கியைத் தொடாதவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். அவரும் கதவுக்கு வெளியே நிற்கிறவர்!

இப்போது கதவுகளுக்கு வருவோம். மூன்று கதவுகளை உங்களுக்குக் காட்டுகிறேன்.

முதல் கதவு. ஆண்டுகள் கழித்து டாமும் மேட்டும் புட்டி நோஸைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவன் வீட்டுக்கே போகிறார்கள். அவன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். பழைய நாட்களை நினைவுபடுத்துகிறான். பியானோ முன்னால் உட்கார்ந்து, பையன்கள் கேட்டு வளர்ந்த அந்தப் பழைய பாட்டையே வாசித்துப் பாடுகிறான். பின்னால் டாம் நிற்கிறான். இந்த இடத்தில் கேமரா மெதுவாக அவர்களை விட்டு விலகுகிறது. விலகி, கதவருகே நிற்கும் மேட்டின் முகத்துக்கு வருகிறது. பாட்டு கேட்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. பாட்டு அறுந்து, பியானோக் கட்டைகளின் மேல் உடல் விழுந்த ஓசை கேட்கிறது. நாம் பார்ப்பது மேட்டின் முகத்தை மட்டும். அதில் திகில். பிறகு டாம் நிதானமாக நடந்து வருகிறான். தன் காதலி க்வென்னுக்குப் போன் பண்ண வேண்டும் என்கிறான். தன்னை வளர்த்தவனைக் கொன்றுவிட்டு வருகிறவனின் அடுத்த நினைப்பு ஒரு தொலைபேசி அழைப்பு!

கொலையைக் காட்டியிருந்தால் நாம் ரத்தத்தைப் பார்த்திருப்போம். காட்டாததால் நண்பனின் முகத்தைப் பார்த்தோம். கொலை நடக்கும்போது கதவருகே நின்று தடுக்காத ஒருவன் எப்படி இருப்பான் என்பதைப் பார்த்தோம். எது கொடியது? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் கதவு. நெயில்ஸ் நேதன் குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்துபோகிறான். சிகாகோவில் நெயில்ஸ் மார்ட்டன் என்ற தாதா 1923இல் இப்படித்தான் இறந்தார். அவருடைய கூட்டாளிகள் அந்தக் குதிரையைப் பழிதீர்த்தார்கள் என்று ஒரு கதை அந்த ஊரில் உலவியது. படத்தில் டாமும் மேட்டும் குதிரை லாயத்துக்குப் போகிறார்கள். அந்தக் குதிரை என்ன விலை என்று கேட்கிறார்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். உள்ளே போகிறார்கள். கேமரா வெளியே நிற்கிறது. சுடும் சத்தம் கேட்கிறது. அந்த விலையை எண்ணிப் பாருங்கள். பணம் கொடுத்துவிட்டான், ரசீது வாங்காத குறை. பணம் கொடுத்தால் ஓர் உயிரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை அந்த ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை அவன் ஒரு வாயில்லா ஜீவனிடம் செய்து காட்டுகிறான்.

மூன்றாவது கதவுக்கு முன்னால் ஒரு தெருவைக் காட்ட வேண்டும். நேதன் இறந்த பிறகு, எதிரிக் கும்பலுக்குப் பயந்து டாமும் மேட்டும் ஒளிந்திருக்கிறார்கள். காலையில் வெளியே வருகிறார்கள். திடீரென்று தடதடவென்று சத்தம். இருவரும் பதறுகிறார்கள். பார்த்தால், ஒரு வண்டியிலிருந்து நிலக்கரி கொட்டுகிறார்கள்! சிரித்துக்கொள்கிறார்கள். நாமும் மூச்சு விடுகிறோம். நாலு அடி நடக்கிறார்கள். எதிர்ச் சன்னலிலிருந்து உண்மையான இயந்திரத் துப்பாக்கி பொழிகிறது. மேட் விழுகிறான். டாம் சுவர் மூலையில் மறைகிறான். அந்தக் காலத்தில் போலித் தோட்டாவை வைத்து இதைச் செய்யவில்லை. குறிபார்த்துச் சுடும் ஒரு தேர்ந்த ஆளை வைத்து உண்மையான தோட்டாக்களையே சுவரில் பாய்ச்சினார்கள். சுவர் சிதறுவது நிஜம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தணிக்கைக்குப் பயந்துதானே கொலைகளை மறைத்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாநிலத் தணிக்கைக் குழுக்கள் அப்போதும் கத்தரியோடு காத்திருந்தன. அந்தப் பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் மேட்டின் சாவை வெல்மேன் நட்ட நடுத்தெருவில், பட்டப்பகலில், நம் கண்ணெதிரே காட்டுகிறாரே! அப்படியானால் எல்லாவற்றையும் மறைப்பது அவர் நோக்கமல்ல. டாம் கொல்லும்போது நம்மை வெளியே நிறுத்துகிறார். டாம் இழக்கும்போது நம்மைப் பக்கத்தில் நிறுத்துகிறார். இது பயம் செய்த வேலையா? ஒரு கலைஞன் செய்த வேலை.

இப்போது மூன்றாம் கதவு. டாம் பழிவாங்கப் புறப்படுகிறான். கையில் துப்பாக்கி இல்லை. ஓர் அடகுக்கடைக்குள் போகிறான். துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாத அப்பாவிபோலப் பேசி, எப்படிக் குண்டு போடுவது என்று கடைக்காரரையே போட்டுக் காட்டச் சொல்கிறான். குண்டு உள்ளே போனதும் அவரையே மிரட்டி எடுத்துக்கொண்டு போகிறான். இரவு. கொட்டும் மழை. எதிரிகள் ஒரு கட்டடத்துக்குள் போகிறார்கள். டாம் தெருவைக் கடந்து நம்மை நோக்கி நடந்து வருகிறான். முகத்தில் மழை வழிகிறது. உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு திரையை நிறைக்கும்வரை வருகிறான். பிறகு உள்ளே போய்விடுகிறான்.

கேமரா வெளியே நிற்கிறது. மழை பெய்கிறது. கதவு மூடியிருக்கிறது. நாம் காத்திருக்கிறோம். எதுவும் நடக்கவில்லை. இன்னும் காத்திருக்கிறோம். அப்புறம் வெடிக்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, தொடர்ந்து வெடிக்கிறது. அலறல் கேட்கிறது. மறுபடி மழைச் சத்தம். டாம் தள்ளாடி வெளியே வருகிறான். துப்பாக்கிகளைச் சன்னல் கண்ணாடியில் வீசி எறிகிறான். நடக்கிறான், கால் மடங்குகிறது, எழுகிறான், மறுபடி நடக்கிறான். நான் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு தெருவோரச் சாக்கடை நீரில் விழுகிறான். படம் முழுக்க அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்க அந்தத் தெருவில் யாரும் இல்லை. நாம் மட்டும் இருக்கிறோம்.

இந்தப் பாத்திரத்தைச் செய்த ஜேம்ஸ் காக்னியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1899இல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மதுக்கடையில் பரிமாறுபவர். காக்னி மேடை நடனக்காரராகத் தொழில் பழகியவர். இந்தப் படத்தில் டாம் வேடம் முதலில் எட்வர்ட் வுட்ஸுக்குத்தான் போயிருந்தது. காக்னி நண்பன் மேட்டாக நடிப்பதாக இருந்தது. எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்த பிறகு வெல்மேன் இருவரையும் மாற்றினார். என்ன ஒரு முடிவு! காக்னியின் உடம்பில் நடனம் இருந்தது. ஜீன் ஹார்லோ நடித்த க்வென்னைக் காரில் இறக்கிவிட்ட மகிழ்ச்சியில் நடைபாதையில் சட்டென்று ஓர் ஆட்ட அடி போடுகிறாரே, பார்த்திருக்கிறீர்களா? அம்மாவின் கன்னத்தில் மூடிய கையால் செல்லமாக ஒரு குத்து வைக்கிறாரே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அன்பையும் அவன் குத்தாகத்தான் காட்டத் தெரிந்தவன். ஒரு வசனமும் இல்லாமல் ஒரு வாழ்க்கையையே அந்தக் கை சொல்லிவிடுகிறது.

அந்தக் கை செய்த இன்னொரு காரியம்தான் உலகப் புகழ் பெற்றது. காலை உணவு மேசை. கிட்டி என்ற பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நடித்தவர் மே கிளார்க். அவளோடு டாமுக்குச் சலித்துவிட்டது. அவள் ஆதரவாக ஏதோ சொல்கிறாள். அவன் பாதியாக வெட்டிய பம்பளிமாசு போன்ற ஒரு பழத்தை எடுத்து அவள் முகத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு எழுந்து போகிறான். ஒரு சில நொடிகள்தான். அரங்கங்கள் சிரித்தன. ஆண்டுக்கணக்கில் சிரித்தன. மே கிளார்க் அதே ஆண்டில் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 'வாட்டர்லூ பிரிட்ஜ்' ஆகிய படங்களில் நடித்த நல்ல நடிகை. ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பழத்தை வைத்தே அவரை அடையாளம் கண்டார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பு வேதனை தருகிறது. படத்தில் கதவு மூடாமல், வெளிச்சத்தில், நம் கண்முன்னே டாம் நடத்தும் வன்முறை இது. இதைப் பார்த்து நாம் சிரித்தோம்! கிட்டியின் முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவமானத்தால் சுருங்கிப்போகும் அந்த முகத்தில் நகைச்சுவை எங்கே இருக்கிறது? காட்டாத கொலைகளுக்கு அஞ்சிய நாம் காட்டிய கொடுமைக்குச் சிரித்தோம் என்றால், தவறு திரையில் மட்டும்தானா இருக்கிறது?

இனி வீட்டுக்கு வாருங்கள். இந்தப் படத்தின் இதயம் தாதாக்களின் கூடாரத்தில் இல்லை. சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அண்ணன் மைக் முதல் உலகப் போருக்குப் போய், நொந்த உடம்போடும் நொந்த மனத்தோடும் திரும்பியிருக்கிறான். அவனுக்காக விருந்து. டாமும் மேட்டும் ஒரு முழு பீர்ப் பீப்பாயைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைக்கிறார்கள். அது எவ்வளவு பெரியது என்றால், எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. ஒரு குடும்பம் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் அந்தப் பீப்பாய் குறுக்கே நிற்கிறது! மைக் குடிக்க மறுக்கிறான். அதில் இருப்பது பீர் மட்டுமல்ல, பீரும் ரத்தமும் என்று வெடிக்கிறான். பீப்பாயைத் தூக்கி எறிகிறான். டாம் சும்மா இருக்கிறானா? நீயும்தான் ஆளைக் கொன்றாய், பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தாய், உன் கை மட்டும் சுத்தமா என்று திருப்பிக் கேட்கிறான்.

அந்தக் கேள்விக்கு மைக்கிடம் பதில் இல்லை. படமும் பதில் சொல்லவில்லை. ஒரு தாதா படத்தில், ரவுடியின் வாயில், அரசாங்கத்தின் போரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை 1931இல் வைத்தார்கள். வைத்தவர் போரில் விமானம் ஓட்டிய வெல்மேன். அந்த நெஞ்சுரத்துக்கு நாம் தலைவணங்க வேண்டாமா?

இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. பெரில் மெர்சர் நடித்த அந்த அம்மாவுக்குப் பிள்ளை என்ன தொழில் செய்கிறான் என்று தெரியுமா, தெரியாதா? தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதுதான் உண்மை. அவளுக்கு அவன் எப்போதும் குழந்தை. பாசத்தால் கண்ணை மூடிக்கொள்பவள். அவளும் ஒரு கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

கடைசிக் காட்சி. காயத்தோடு மருத்துவமனையில் கிடந்த டாமை எதிரிகள் கடத்திவிட்டார்கள். பிறகு ஒரு தொலைபேசி: டாம் வீட்டுக்கு வருகிறான். அம்மா மாடிக்கு ஓடுகிறாள். படுக்கையை விரிக்கிறாள், தலையணையைத் தட்டிப் போடுகிறாள், ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். கீழே கிராமபோனில் நீர்க்குமிழிகளைப் பற்றிய ஓர் இனிய பாட்டு ஓடுகிறது. இந்தப் படத்தில் இசை பெரும்பாலும் இப்படிக் காட்சிக்குள்ளிருந்து வருவதுதான். சோகத்தைச் சொல்ல வயலின் கிடையாது. கதவு தட்டப்படுகிறது. மைக் திறக்கிறான். கம்பளியில் சுற்றி, கயிற்றால் கட்டி, தலையில் கட்டோடு டாம் நிற்கிறான். ஒரு கணம் நிற்கிறான். பிறகு மரம் சாய்வதுபோல் முகம் குப்புற வீட்டுக்குள் விழுகிறான். மாடியில் அம்மா இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். இசைத்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். இதுவரை கதவுக்கு உள்ளே நடந்ததற்கு நாம் வெளியே நின்றோம். கடைசியில் கதவு திறக்கிறது. வெளியே நடந்தது உள்ளே வந்து விழுகிறது. நடுவீட்டில் விழுகிறது. தாய் விரித்த படுக்கைக்கு நேர் கீழே விழுகிறது. வெளியே இருந்தால் நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்த ஊருக்கு இதுதான் பதில். எந்தக் கதவும் என்றென்றைக்கும் மூடியிருக்காது!

அதன்பின் திரையில் எழுத்துகள் வருகின்றன. டாம் பவர்ஸ் என்பவன் தனி மனிதன் அல்ல, சமூகம் இன்றோ நாளையோ தீர்த்தாக வேண்டிய ஒரு பிரச்சினை என்ற கருத்தை அவை சொல்கின்றன. தணிக்கையாளர்களைச் சமாதானப்படுத்த ஒட்டிய அட்டை என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். ஆனால் பீர் வாளியையும் தள்ளுவண்டியையும் ஆலை முதலாளியையும் காட்டிய படத்துக்கு அந்த வாசகத்தைச் சொல்லும் தகுதி இருக்கிறது. அட்டையில் எழுதியதைப் படம் முன்பே நிரூபித்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது? அதே 1931 அக்டோபரில் அல் கபோனுக்குத் தண்டனை கிடைத்தது. எதற்கு? கொலைக்கல்ல, வருமான வரி ஏய்ப்புக்கு. 1933இல் மதுவிலக்கு போயிற்று. 1934 ஜூலை முதல், பெயருக்கு இருந்த திரைப்பட நெறிமுறை விதிகள் ஜோசப் பிரீன் தலைமையில் இறுக்கமாக அமலாயின. பழைய படங்கள் மறுவெளியீட்டுக்கு வந்தபோது வெட்டுப்பட்டன. நம் படமும் தப்பவில்லை. 1935இல் அதே வார்னர் நிறுவனம் அதே காக்னியை 'ஜி-மென்' படத்தில் அரசாங்கத் துப்பறிவாளராக்கியது. அதே துடிப்பு, அதே வேகம், அதே துப்பாக்கி. பக்கம் மட்டும் மாறியது. தாதா எப்படி உருவானான் என்ற கேள்வி முற்றிலும் சாகவில்லை. 1937இல் 'டெட் எண்ட்', 1938இல் காக்னியே நடித்த 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' ஆகியவை அதை மறுபடி எழுப்பின. 1998இல் 'தி பப்ளிக் எனிமி' அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மார்ட்டின் ஸ்கோர்செசி போன்ற பெரிய இயக்குநர்கள் இதைத் தங்கள் பாடநூல்போல் போற்றிப் பேசியிருக்கிறார்கள்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நாளைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள். குற்றத்தைப் பற்றியும் எடுப்பீர்கள். எடுங்கள், தவறில்லை. ஆனால் ஒருவன் எத்தனை பேரைக் கொன்றான் என்று எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அவனுக்கு முதல் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்று காட்டுங்கள். அவன் கொண்டுவந்த சரக்கை வாங்கியது யார் என்று காட்டுங்கள். அவன் உழைப்பில் கௌரவமாக வாழ்ந்த பெரியவர் யார் என்று காட்டுங்கள். அவன் அடித்தபோது சிரித்தது யார் என்று காட்டுங்கள். கத்தியும் ரத்தமும் காட்டப் பணம் போதும். இவர்களைக் காட்டத் துணிவு வேண்டும். படம் பார்க்கிற நமக்கும் அதே துணிவு வேண்டும். 1931இல் ஒரு வணிக நிறுவனம், ஒரு வணிகப் படத்துக்குள், கூட்டத்தை அரங்குக்கு இழுத்துக்கொண்டே அந்தத் துணிவைக் காட்டியிருக்கிறது. நம்மாலும் முடியும். முடிய வேண்டும்.